கார்டு அக்காவும் சேமிப்புப் பெட்டியும்

அந்த அச்சகத்தில் அடையாள அட்டை வேலை என்றால் கார்டு அக்காதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மில் என்று பத்தொன்பது வருடமாக எத்தனையோ பேர் கழுத்தில் தொங்கும் அட்டைகள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒரு முகம் மாறியதில்லை, ஒரு பெயர் பிசகியதில்லை. இதை அவர் தம்பட்டம் அடிக்க மாட்டார். யாரும் கேட்கவில்லையென்றால் மட்டும் பேச்சை எப்படியாவது அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்.

முதலாளி மூன்று கம்ப்யூட்டர்களையும் இலவச மென்பொருளுக்கு மாற்றினார். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் கூலி வாங்காமல் எழுதிக் கொடுக்கும் மென்பொருள். அக்காவுக்கு அதில் எல்லாமே பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. வேலையைச் சேமிக்கப் போனால் ஒரு பெட்டி திறக்கும். மேலே பெயர் எழுத ஒரு கட்டம், கீழே ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் எட்டு வரிதான் தெரியும். மீதியைப் பார்க்க மவுஸோடு உள்ளே போனால் ஏதாவது ஒரு பழைய ஃபைலில் கிளிக் விழுந்துவிடும். விழுந்ததும், மேலே மெனக்கெட்டு எழுதிய பெயர் போய், பழைய ஃபைலின் பெயர் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ‘இது ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?’ என்று கேட்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஃபைலைத் திருத்தித் திருத்தி நாளெல்லாம் சேமிக்கிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டால் என்ன ஆகும்? கை தானாக ‘ஆம்’ சொல்லப் பழகிவிடும்.

ஒரு பள்ளிக்கூட வேலையில் அப்படித்தான் ஆறாம் வகுப்பின் மேல் ஏழாம் வகுப்பு ஏறிவிட்டது. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் அட்டை, பிழை பார்த்து முடித்தது, அடையாளமே இல்லாமல் போயிற்று. பள்ளியின் ஆபீஸ் அம்மா வாங்கிப்போக வந்து நின்றார்.

“கவனமில்லாம பண்ணிட்டாங்கம்மா. ரெண்டு நாள்ல குடுத்துடுறோம்” என்று அக்காவை வைத்துக்கொண்டே சொன்னார் முதலாளி.

“அப்போ அடுத்த வருஷம் எங்க வேலையை இங்கே வேற யாராவது பார்க்கட்டுமே” என்றார் ஆபீஸ் அம்மா.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. பத்தொன்பது வருடப் பேர் பத்து நொடியில் போய்விட்டதே!

வீட்டில் கணவர், லேத் பட்டறைக்காரர், சமாதானம் சொன்னார். “விடு. ஒரு தடவை தப்பு வராதா?”

“என் தப்புன்னா விட்டுடுவேங்க. இது என் தப்பில்ல.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான். எங்க மெஷின்ல கை மாட்டற இடத்துல தகடு போட்டு மூடியிருப்பாங்க. ஜாக்கிரதையா இருந்துக்கோன்னு சொல்லிட்டுப் போக மாட்டாங்க.”

அக்கா அந்தத் தகட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மென்பொருள் எழுதுகிறவர்களின் இணையப் பக்கத்தில் தமிழிலேயே எழுதிப் போட்டார். அங்கே மொழிபெயர்ப்பு பார்க்கும் ஒரு புண்ணியவான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பதில் வந்தது: ‘பெட்டி நாங்கள் நினைத்தபடிதான் வேலை செய்கிறது. சேமிக்கும் முன் பெயரைக் கவனியுங்கள்.’

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயும் கவனமா? சரி, பார்த்துவிடலாம் என்று மூன்று கம்ப்யூட்டர்களின் பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டினார். பெட்டியில் யாருக்கு ஃபைல் பெயர் மாறினாலும் ஒரு கோடு போட வேண்டும். மூன்று வாரத்தில் அறுபத்தொரு கோடு. அதில் அக்காவுடையது ஒன்பதுதான், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனாலும் கோடுகளை யார் நம்புவார்கள்? அச்சகத்திலேயே மகா கவனக்காரர் முதலாளி. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அக்கா அவரையே கூப்பிட்டார்.

“சார், ஒரு ஃபைலைச் சேமிச்சுக் குடுங்க. கீழே பட்டியல்ல பத்தாவதா என்ன இருக்குன்னும் பார்த்துச் சொல்லுங்க. உங்க கையையும் திரையையும் மட்டும் வீடியோ எடுத்துக்கறேன்.”

“இதென்னம்மா பெரிய வித்தை?” என்று உட்கார்ந்தார். பெயரை அடித்தார், பட்டியலுக்குள் போனார், பத்தாவதைப் படித்தார், சேமித்தார். கேள்வி வந்தது. ‘ஆம்’ என்றது கை. அப்புறம்தான் திரையைப் பார்த்தார்.

“ஐயையோ, ஆஸ்பத்திரி ஃபைல்! மூணு நாள் வேலை போச்சே!”

“போகல சார். நீங்க உக்கார்றதுக்கு முன்னாடியே நகல் எடுத்து வெச்சுட்டேன்.”

முதலாளி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

அந்த வீடியோ மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து, முதலில் பதில் எழுதியவரே எழுதினார்: ‘நாலு தடவை பார்த்தேன். அந்தக் கை யோசித்துத்தான் வேலை செய்கிறது. தவறு எங்களுடையது.’ அடுத்த பதிப்பில் பட்டியல் பெரிதானது. எழுதிய பெயர், எதன் மேல் கிளிக் செய்தாலும் அசையாமல் நின்றது. வந்த அன்றைக்கு அக்கா வேண்டுமென்றே கண்ட ஃபைலிலெல்லாம் கிளிக் செய்து பார்த்தார், பார்த்துப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார் கணவர். பெருமை இருக்காதா பின்னே? உலகம் முழுக்கப் போகிற பெட்டி, அவர் பெண்டாட்டி சொல்லித் திருந்தியிருக்கிறது.

மறு வருடம் ஆபீஸ் அம்மா பென்டிரைவோடு வந்தார். அக்கா தலை நிமிராமல் வேலையைப் பார்த்தார். முதலாளியே எழுந்து வந்தார்.

“அம்மா, போன வருஷம் இவங்களுக்குக் கவனமில்லைன்னு உங்ககிட்ட சொன்னேன். அது தப்பு. கோளாறு அந்தப் பெட்டியில இருந்துச்சு, அதுல நானும் மாட்டினேன். இவங்கதான் எழுதிப் போட்டு அதை மாத்த வெச்சாங்க.”

ஆபீஸ் அம்மா பென்டிரைவை முதலாளியிடம் கொடுக்கவில்லை. நேரே அக்காவின் மேசைக்கு வந்து வைத்தார்.

“நீங்களே பண்ணுங்க. எங்க ஆபீஸ்லயும் அதே பெட்டிதாங்க. எத்தனை ஃபைலைத் தொலைச்சுட்டு, எனக்குத்தான் புத்தியில்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா?”