தாடைப் புண்ணும் பழனித் தாடியும்

என் தம்பி ஆறுச்சாமி ஜெயித்தவை: கிழட்டுக் காளைகள் என்று கொழிஞ்சாம்பாறை ஊரே சிரித்த ஜோடியை ஓட்டி ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் முதல் பரிசு. நீரோட்டம் பார்ப்பவர் தலையை ஆட்டிவிட்டுப் போன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர். சுப்பாத்தாளோடு கல்யாணம், இரண்டு வீட்டாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியாக, தாடை எலும்பு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இடது தாடைக்குக் கீழே பருப்பளவு ஒரு துளை. சீழ் கசியும், காயும், மறுபடி கசியும். சவரக் கத்தி பட்ட புண் என்று அவனே முடிவு செய்து சவரத்தை நிறுத்தினான். புண் ஆறினால் தாடியைப் பழனியில் இறக்குவதாக வேண்டிக்கொண்டான். தோல் டாக்டர் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை இருக்கும்வரை காய்ந்திருக்கும். இரண்டு வருடம் இப்படியே போனது. தாடி நன்றாக வளர்ந்தது.

என் பல்செட்டுக்காகக் கொல்லங்கோட்டில் பல் டாக்டர் செல்வப்பிரியாவிடம் போனபோது துணைக்கு வந்தான். தாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தவனை அவர் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பல்லு வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. கரும்பே கடிப்பனுங்க."

"செத்த பல்லு வலிக்காதுங்க."

துளைக்குள் மெல்லிய ரப்பர் குச்சியை விட்டு எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் குச்சி நேராகக் கடைவாய்ப்பல்லின் வேரில் போய் நின்றது. வேரில் பிடித்த சீழ் எலும்பை அரித்துத் தோல் வழியாக வெளியே வந்திருந்தது. பல்லைப் பிடுங்கி, செத்த எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டும், விட்டால் தாடை முறியும் என்றார். அதற்கு முதலில் தாடியை வழிக்க வேண்டும்.

"புண்ணு ஆறாம தாடி எடுக்க முடியாதுங்க. வேண்டுதல்."

"தாடி எடுக்காம புண்ணு ஆறாதுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன்டா, வலப்பக்கமா புண்ணு? அந்தப் பக்கத்துத் தாடிய உடு. எடப்பக்கத்த மட்டும் எடுத்துக் காயிதத்துல மடிச்சுக்கலாம். மீதிய ஆறுனப்பறம் எறக்கு. முருகன் கோவிச்சா நான் பேசிக்கறேன்."

"நீ பேசுனா அவரு மலைய உட்டே எறங்கிருவாருக்கா" என்றான். ஆனால் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

நர்ஸ் சம்மதப் படிவத்தோடு மைப்பெட்டியும் கொண்டுவந்தார்.

"கைநாட்டு வேண்டாங்க. அக்கா புடிச்சு அழுத்திட்டான்னு ஊர்ல சொல்லுவாங்க. என்ர தாடை, நானே ஒத்துக்கறேன்."

நான் ஐந்தாவது வரை படித்தவள். மருந்துச் சீட்டின் பின்னால் அவன் பெயரை எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதினான். டாக்டர் கையுறை மாட்டிக் காத்திருந்தார்.

பல்லையும் செத்த எலும்பையும் எடுத்த பிறகு பாதித் தாடியோடு பஸ்ஸில் வந்தான். பல வாரம் மருந்து சாப்பிட்டான். துளை தையல் இல்லாமல் தானே மூடி, இப்போது சிறு குழியாக இருக்கிறது. தாடியின் இரண்டு பாகமும் பழனி போய்ச் சேர்ந்தன. அவன் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.