ஊரிகம் கேட்டில் லாரி தள்ளியவர்

போன செவ்வாய்க்கிழமை அக்காவைப் பார்க்க பங்காரப்பேட்டைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஊரிகம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ரயில் போயிற்று, கேட் திறந்தது... பஸ் மட்டும் நகரவில்லை. முன்னால் ஒரு காலி லாரி வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஷிப்ட் முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் நாலைந்து பேர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகிறது, அந்த முதுகை எனக்குத் தெரியாதா?

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "அம்மா, அது உங்க வீட்டுக்காரர் மாதிரி இல்ல?"

"அவரு இன்னாத்துக்கு லாரி தள்ளப் போறாரு?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — ராபர்ட்சன்பேட்டையில் மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். கோலார் பக்கத்துக் காய்கறியை மெட்ராஸுக்கு ஏற்றி அனுப்புகிறார். நல்ல மனுஷர். கையிலிருந்து காசு மட்டும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

டீசல் விலை ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் சிக்கன ஆட்சி. லாரிகள் வேகமாகப் போகக்கூடாது. டயரில் காற்று குறையக்கூடாது. ஏர் ஃபில்டரில் தூசி இருக்கக்கூடாது. சமையலறைக்கும் உத்தரவு வந்தது — வாரத்துக்கு ஒரு தீப்பெட்டிதான். இரண்டு லாரிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது மட்டும் டீசலைக் குடித்துக்கொண்டே இருந்தது.

அந்த மூன்றாவதை ஓட்டுபவர் சின்னப்பன். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எங்களிடம் இருக்கிறார். என் பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டதே அவர்தான். டீசல் எங்கே போகிறது? என் வீட்டுக்காரருக்கு ஒரே பதில்தான் தோன்றியது. சின்னப்பன் விற்கிறார்.

டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி முதலாளியிடம். டீசல் போடுகிற இடத்தில் மற்ற டிரைவர்கள் எல்லாரும் அந்தப் பூட்டைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி குடிப்பவர் சின்னப்பன், குடிக்காமல் போக ஆரம்பித்தார்.

பூட்டுப் போட்டும் டீசல் குறைந்தது. "நாளைக்கு நானே கூடப் போறேன். ஒரு நாள் பூரா பக்கத்துல உக்காந்து பாக்குறேன். கணக்கு சரியா வரலன்னா சாயங்காலமே லாரி சாவிய வாங்கிடுவேன்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த நாள்தான் செவ்வாய்க்கிழமை.

கேட்டில் நடந்ததைப் பிறகு சின்னப்பன் வாயாலேயே கேட்டேன். கேட் மூடியதும் இவர், "இன்னாத்துக்கு சும்மா நின்னுகினு எஞ்சின் ஓடுது? ஆஃப் பண்ணு" என்றிருக்கிறார்.

"வேணாம் மொதலாளி."

"பண்ணுன்னா பண்ணு."

பண்ணினார். கேட் திறந்தபோது செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. சின்னப்பன் ஸ்டியரிங்கில் இருந்தாக வேண்டும். வேறு யார் தள்ளுவது? தொழிலாளர்களில் ஒருவர், "இன்னா அண்ணே, கீழ நாங்க டிராலி தள்றோம், மேல நீங்க லாரி தள்ளக்கூடாதா? வந்து கை வையுங்க" என்று கூப்பிட்டாராம். அப்படித்தான் அந்த முதுகு என் கண்ணில் பட்டது.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது லாரி வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது. சின்னப்பன் பக்கத்தில் லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீட்டச் சொன்னால் நீட்டிவிட்டுப் போய்விடலாம் என்று தயாராக இருந்த மாதிரி இருந்தது.

"பேட்டரி மாத்தணும்னு சொல்லலையா நீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னேம்மா. அடுத்த மாசம்னாரு. அப்புறம் பூட்டு வந்துச்சு. அதுக்கு மேல நான் இன்னா பேசினாலும் திருடன் பேச்சுதானே. மண்டியில லோடு ஏத்த மணிக்கணக்கா நிக்கணும். ஆஃப் பண்ணா தள்ளச் சொல்லி யார் கால்ல போய் விழறது? அதான் எஞ்சின ஓடவிட்டே வச்சிருந்தேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... நேராக உள்ளே போனேன். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி வீக்குதான், ஒத்துக்குறேன்" என்றார். "அதுக்காக நிக்கிற லாரி அவ்ளோ டீசலக் குடிச்சிடுமா?"

"ஏங்க, இப்படி கொஞ்சம் சமையலறைக்கு வாங்க" என்று உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். காபி போட்டு அவர் கையில் கொடுத்தேன். ஸ்டவ்வை அணைக்கவில்லை. அவர் குடித்து முடித்தார். ஸ்டவ் எரிந்தது. அரிசி களைந்தேன், காய் நறுக்கினேன். ஸ்டவ் எரிந்துகொண்டே இருந்தது.

"இன்னாத்துக்கு எரியுது? மேல ஒண்ணுமே இல்லையே?"

"வாரத்துக்கு ஒரு தீப்பெட்டி. அணைச்சா மறுபடி குச்சி கிழிக்கணும். நான் குச்சிய மிச்சம் பண்றேன்."

"எத்தினி நாளா?"

"நீங்க உத்தரவு போட்ட நாளா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கெரசின் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, கடைக்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று அந்த மனுஷனோடு இவர் சண்டை போட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு எப்போதும் சின்னச் செலவுதான் கண்ணில் படுகிறது. பெரிய செலவு தெரிய வரும்போது, முதலில் தேடுவது திருடனை.

"இங்கயும் ஒரு பூட்டுப் போடுறதுதானே?" என்றேன்.

அவரே ஸ்டவ்வை அணைத்தார். பிறகு டேங்க் பூட்டின் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. பூட்டைத் திறந்து கழற்றி ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். சின்னப்பன் லாரிச் சாவியை நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"நீயே வச்சிரு. காலையில பேட்டரி கடைக்குப் போவணும்."

சின்னப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைக்குப் போவணும்னாலும் வண்டி கிளம்பணுமே மொதலாளி. தள்ள ஆள் வேணும்."

"நான் வரேன்" என்றார் இவர்.

நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். சின்னப்பன் வாங்கிக் குடித்தார்.

இப்போது மூன்றாவது லாரியும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. எனக்கு ஒரு டஜன் தீப்பெட்டி வந்திருக்கிறது... ஸ்டவ்வை அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.