சுன்பொக் விட்டுப்போன கோழிகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்களெல்லாம் விறகு அடுக்குவார்கள். அடுத்த வீட்டு மான்சொக் மட்டும் கோழிக்கூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் கோழி வளர்ப்பவனே அல்ல. முற்றத்தில் கோழி எச்சத்தை மிதித்தால் அரைமணி நேரம் திட்டுவான். கோழிகள் அவன் மனைவி சுன்பொக்குடையவை. எட்டு வருடத்துக்கு முன் அவள் கடல் தாண்டி வேறு நாட்டில் இருக்கும் இஞ்சோன் நகரத்துக்குப் போனாள், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள. தூமன் ஆற்றங்கரையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான். எங்களுக்கும் அந்த நாட்டுக்காரர்களுக்கும் ஒரே மொழி, அதனால் வேலை கிடைத்துவிடும். "ரெண்டே வருஷம். கோழிங்களப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

முதல் குளிர்காலத்திலேயே அவன் தவறு செய்தான். கோழிகளுக்குக் குளிருமே என்று கூட்டில் இருந்த சந்து பொந்தையெல்லாம் துணி வைத்து அடைத்துவிட்டான். உள்ளே அவை விட்ட மூச்சு சுவரில் ஈரமாகப் படிந்து உறைந்தது. கொண்டைகள் கறுத்துப்போயின. ஒன்பது கோழிகள் செத்தன. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, சுன்பொக்கிட்ட சொல்லிடாதீங்க."

"குளிர் கோழியக் கொல்லாதுப்பா. ஈரந்தான் கொல்லும். மேல கொஞ்சம் காத்து போக வழி விடணும்."

"அத அவ சொல்லிட்டுப் போகலையே" என்றான், ஏதோ அவள்மேல் குற்றம் இருப்பது மாதிரி.

சந்தையில் அதே நிறத்தில் கோழிகள் தேடி வாங்கி வந்தான். செல்போனில் அவளுக்குக் காட்டும்போது தூரத்திலிருந்து காட்டினான். ரெண்டு வருடம் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. ஒவ்வொரு வருடமும் "அடுத்த குளிருக்கு வந்துடுவேன்" என்பாள். அவனும் ஒவ்வொரு வருடமும் கூட்டைச் சரிசெய்து வைப்பான்.

போன வருடம் நிஜமாகவே வருவதாகச் சொன்னாள். ஏழு நாள் விடுப்பு. மான்சொக் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிட்டான். வைக்கோல் கலந்த களிமண்ணைச் சுவரெங்கும் பூசினான். வடக்குப் பக்கம் மக்காச்சோளத் தட்டையைக் கட்டுக்கட்டாகச் சாத்தினான். தெற்கு ஜன்னலுக்கு இரட்டைப் பாலித்தீன் தாள். தரையில் ஒரு சாண் உமி. கோழிகள் உட்காரும் கம்பை எடுத்துவிட்டு அகலமான பலகை அடித்தான். அப்போதுதான் வயிற்று இறகு கால்விரல்களை மூடும். கூரைக்கடியில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விட்டான். என் வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"குடித்தனம் வரப்போறது யாருடா, கோழியா, பொண்டாட்டியா?"

"போங்கண்ணே" என்றானே தவிர, காது சிவந்துவிட்டது.

சுன்பொக் வந்தாள். பெட்டியை முற்றத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போகாமல் நேராகக் கூட்டுக்குள் குனிந்து நுழைந்தாள். ஒரு செவலைப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது யாரு?"

"உன் செவலதான்."

"என் செவலைக்கு இடது கால்ல ஒரு விரல் கெடையாது. இதுக்கு எல்லா வெரலும் இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேலியில் காயப்போட்டிருந்த முள்ளங்கி இலையைத் திருப்பிப் போட்டேன்.

"ஆறு வருஷமாவே தெரியும். பாவம், நடிக்கிறாரேன்னு விட்டுட்டேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை. கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அந்த ஏழு நாளும் விருந்தாளி மாதிரிதான் இருந்தாள். அடியில் அடுப்புச் சூடு ஓடும் எங்கள் ஊர் வீட்டுத் தரையில் படுக்க முடியவில்லை, முதுகு பொசுங்குகிறது என்றாள். எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட வந்தவள், முட்டைக்கோஸுக்கு உப்பு தடவும்போதே மணி பார்த்தாள். "இது கெழவிக்குக் கஞ்சி குடுக்கிற நேரம் அக்கா. வேற ஆள் குடுத்தா வாயத் தெறக்காது." மான்சொக் வாசலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்க வந்து, "உப்புப் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆறாம் நாள் சேவலின் கொண்டை உறையாமல் இருக்கப் பன்றிக்கொழுப்பு தடவினார்கள். அவள் சேவலை இடுக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் தடவினான். அது திமிறி அவன் கன்னத்தில் இறக்கையால் அறைந்தது. அப்போதுதான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் முகத்தில் அப்பிய கொழுப்பை அவள் புறங்கையால் துடைத்தாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

மறுநாள் பேருந்து நிற்கும் இடத்தில் அவன் சொன்னான்: "போகாத."

அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல சொல்லியிருந்தா போயிருக்கவே மாட்டேன். இப்ப அந்தக் கெழவி என்னைத் தேடும்ங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

அந்தக் குளிர் மைனஸ் முப்பத்திரண்டுக்குப் போயிற்று. பதினொரு கோழியும் பிழைத்தன. ஏப்ரலில் கிழவி செத்துப்போனாள். சுன்பொக் வருவாள் என்று மான்சொக் வீட்டுக்குப் புதுச் சுவர்த்தாள் ஒட்டினான். அவளோ, கிழவியின் தங்கைக்கும் உடம்பு முடியவில்லை, இன்னும் ஒரே ஒரு வருடம் என்றாள். அவன் கோபப்படவில்லை. "சரி" என்றான். மறுநாள் காலை நகரத்துக்குப் போய்த் தனக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான்.

"கோழிங்க உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணி. நானே போறேன்."

போனான். கட்டட வேலை கிடைத்தது. ஆனால் அவள் தங்குவது நோயாளி வீட்டில், அவன் தங்குவது தொழிலாளர் கொட்டகையில். ஒரே ஊரில் இருந்தும் மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம்தான் பார்த்துக்கொள்ள முடிகிறது.

இந்த அக்டோபரில் கூட்டுக்கு நான்தான் களிமண் பூசினேன். அப்போது இருவரும் சேர்ந்து செல்போனில் கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்துப் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பொட்டலம் ரொட்டி.

"உமி போட்டாச்சா அண்ணி? பழைய உமியை அள்ளிடாதீங்க, அதுமேலயே போடுங்க" என்றான்.

"பாத்தீங்களாக்கா? ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கறோம், வந்ததுலேருந்து கோழிப்பேச்சுதான்" என்றாள் சுன்பொக்.

"அங்க பனி விழுந்துடுச்சா?" என்று அவன் கேட்டான்.

"மலைமேல விழுந்திருக்கு. ஊருக்குள்ள இன்னும் இல்ல."

அவன் தலையைத் திருப்பி எங்கேயோ பார்த்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரயிலுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குக்கா. எங்க வீட்டு முற்றத்தக் கொஞ்சம் காட்டுங்க."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவர்கள் வீட்டு வாசல், மூடிய கதவு, வேலியோரம் உமியைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் என்று மெதுவாகக் காட்டினேன். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என் கை வலித்தது. ஆனாலும் இறக்கவில்லை.