கொழுந்து மாடியில் மாம்பழ வாசம்

தேயிலைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாசத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் பெக்டரிக்குள் தலையில் பூ வைத்துக்கொண்டு யாரும் வரக்கூடாது. வாசனை சோப்பு, பவுடர் எதுவும் ஆகாது. கோயிலுக்குப் போய் வந்தவர்கள் சந்தனத்தைக்கூடக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வாசலில் நின்று ஆட்களைப் பார்த்து உள்ளே விடுவது டீமேக்கரின் வேலை. பதினோரு வருடமாக அந்த டீமேக்கர் நான். தைப்பொங்கலுக்கு மறுநாள்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள் என்று தெரியும். அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டீமேக்கர் என்றால் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறவன் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மலையிலிருந்து வரும் கொழுந்து தூளாகி மூட்டையில் ஏறும் வரைக்கும் அவன்தான் பொறுப்பு. வாடியது போதுமா, அரைத்தது போதுமா, எப்போது சூட்டில் போடுவது என்பதெல்லாம் மூக்கு சொல்லும் கணக்கு. காலையில் முந்தின நாள் தூளில் சாயம் வடித்து வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, நல்லது கெட்டது சொல்ல வேண்டும்.

அந்த மூக்கு எனக்கு மெல்ல மெல்லப் போனது. பெரகல சந்திக் கடையில் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் வீட்டுக் குழம்பின் வாசம் போனது. மனைவி சொன்னபோது குழம்பில்தான் குறை என்று சண்டை பிடித்தேன். பிறகு ஒரு காலையில் கருகிய தூளை நல்ல தூள் என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை அதே கோப்பையை எடுத்துக் குடித்துப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. வறண்ட காற்று அடிக்கும் மாதங்கள் வரப்போகின்றன, எங்கள் ஊவா மலைப்பக்கத்துத் தூளுக்குப் பேர் வருவதே அந்த மாதங்களில்தான், அதற்குள் மூக்கு சரியாகாவிட்டால் வேறு டீமேக்கரைப் போட்டுவிட்டு என்னை ஸ்டோருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. எனக்கு வேறு தொழில் தெரியாது. ஸ்டோரில் சாக்கு எண்ணிக்கொண்டிருக்கும் என்னை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

பதுளைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு எத்தனை சிகரெட் என்று மட்டும் கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் அதை இரண்டு மடங்காக எழுதிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். எலக்ட்ரிக் சிகரெட்டுக்கு மாறினால் விட்டுவிடலாம் என்கிறார்களே என்று இழுத்தேன்.

“நான் அதை வாங்கச் சொல்லேல்லை. அதுவும் நல்ல சாமான் இல்லை. ஆனா சிகரெட்டை நீங்கள் விடத்தான் வேணும்” என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு இறங்கினேன்.

கைபேசிக்கு உறையும் சார்ஜரும் விற்கும் கடை அது. முதலாளி என் வயதுக்காரர். அவருடைய அப்பா காலத்தில் அதே கடையில் துணி விற்றார்கள். என்ன வேண்டும் என்று சொன்னதும் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். வெளியில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் இல்லை என்பது அதிலேயே தெரிந்தது. உள்ளே பேனா போல, தீப்பெட்டி போல, சின்ன டார்ச் போல எத்தனையோ கிடந்தன. எனக்குத் தலை சுற்றியது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வகை முடிந்ததும் தூக்கிப் போடுவது. சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு அது சரிவராது, முடிய முடிய வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்றார். பெரிய டாங்க் வைத்த வகை ஒன்று பஸ் புகை மாதிரி கக்கும், அது வேடிக்கை காட்டுகிற பிள்ளைகளுக்கு. மூன்றாவது, சின்னக் குப்பி மாட்டுவது, தீர்ந்தால் நாமே தண்ணி ஊற்றிக்கொள்ளலாம். அதற்குள் ஊற்றும் திரவத்தை அவர் தண்ணி என்றுதான் சொன்னார். நிக்கோட்டின் கூடியதில் தொடங்கி மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் வெறும் ஆவிதான் மிஞ்சும், பிறகு அதையும் கீழே வைத்துவிடலாம் என்றார்.

“அண்ணே, மொத மொத வாங்குறவங்களுக்கு இதுதாண்ணே சரி. தண்ணி மட்டும் ஒங்களுக்குப் புடிச்சதா எடுத்துக்கங்க.”

தண்ணியில் பத்துப் பன்னிரண்டு வாசம் இருந்தது. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக நீட்டினார். புகையிலை வாசம் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புதினா என்றார். மூக்கு கொஞ்சம் குளிர்ந்தது, வாசம் இல்லை. கோப்பி, வனிலா, திராட்சை எல்லாம் எனக்கு ஒரே பச்சைத் தண்ணி. ஊவாவில் தேயிலை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனிதன், பதுளைக் கடைத்தெருவில் ஒரு பிஸ்கட் டின்னுக்கு முன்னால் மூக்கைச் சுருக்கிச் சுருக்கி நின்றேன். அழுகை வரும் போலிருந்தது. கடைசியில் ஒரு குப்பியைத் திறந்ததும் எங்கோ தூரத்தில் ஏதோ இனிப்பாக வந்தது. மாம்பழம் என்றார் முதலாளி. அவர் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன், காரணத்தை யோசிக்கவில்லை. எனக்கு மணக்கிறது என்ற சந்தோஷத்தில் அதிலேயே மூன்று குப்பி வாங்கிக்கொண்டேன்.

சிகரெட் அன்றே நின்றது. கஷ்டமாகத்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், கை தானாகச் சட்டைப் பையைத் தேடியது. ஆனால் சிகரெட்டைத் தொடவில்லை. அதில் எனக்குப் பெருமை.

பெக்டரிக்குள் ஒரு நாளும் சிகரெட் பிடித்தவன் இல்லை நான். வாசலைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்த்தான் பிடிப்பேன். உள்ளே பிடிக்கக்கூடாது என்ற தடை நெருப்புக்காக என்றே மனத்தில் பதிந்திருந்தது. சுவரிலும் நெருப்புப் படம்தான் வரைந்திருக்கும். என் கையிலிருந்த சாமானில் நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. ஆகவே காலையில் கொழுந்து மாடிக்கு ஏறியதும், யாரும் வருவதற்கு முன் இரண்டு இழுப்பு இழுப்பேன். மாடியில் நீளமான தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றடித்து வாட்டுவோம். ஆவி தங்கக்கூடாது என்று அந்த விசிறிக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். ஊதியதும் விசிறி இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கே கொண்டுபோகிறது என்று பதினோரு வருட டீமேக்கர் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தூளில் பழ வாசம் அடிக்கிறது, பெக்டரியில் விசாரிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பெரிய தொரை அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு கோப்பை ஊற்றிக் குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் ஸ்டோர்தான். யாரையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

கொழுந்து மாடியில் வேலை செய்த ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், அதற்கு முந்தின வாரம்தான் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார். வந்தவர்கள் மேலெல்லாம் பன்னீரும் சென்ட்டும். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவன். அவர்மேல்தான் வாசம் ஒட்டி வந்திருக்கும் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த நேரத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் பேரைச் சொல்லி, சென்ட் பூசிக்கொண்டு வந்து தூளைக் கெடுத்தாய், இனிக் கூப்பிடும்வரை மாடிக்கு வராதே என்றேன்.

“நான் ஒண்ணும் பூசலீங்க” என்று மட்டும் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் வீட்டில் கருவாடு பொரிக்கிற வாசத்தில் விழித்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து இழுத்து இழுத்து மோந்தேன். மண்ணெண்ணெய் வாசம், ஈரத் துணியின் வாசம், முற்றத்தில் வேப்பங்குச்சி ஒடித்த வாசம் எல்லாம் வந்தது. மனைவியிடம் சொல்லக்கூட நிற்காமல் பெக்டரிக்கு ஓடினேன். ஸ்டோர் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

மாடி முழுக்க மாம்பழம் மணந்தது. பச்சைக் கொழுந்து வாசத்துக்கு மேல், பழுத்து வெடித்த மாம்பழம். ஒரு கை கொழுந்தை அள்ளிக் கசக்கினேன். அதிலும் அதுவே. விசிறியைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன், என் சட்டைக் கையை மோந்தேன். உட்கார இடம் தேடி, இல்லாமல், படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைய கொழுந்தைத் தனியாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, மாலையில் அந்தப் பெண்ணின் லயத்துக்குப் போனேன். வீட்டு வரிசையின் கடைசியில், தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசம் என்னுடையதுதான், உங்கள்மேல் தப்பு இல்லை என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் துணியைப் பிழிந்து முடித்தார்.

“தெரியுங்க” என்றார். “மொத நாளே தெரியும். நீங்க படியேறும்போதே மாம்பழம் மணக்கும். மாடியில எல்லாருக்கும் தெரியும்.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதே தவறு.

“மோந்து பாக்குறது ஒங்க வேலைங்க. நாங்க சொன்னா யாரு கேப்பா?” அடுத்த துணியைக் கையில் எடுத்தார். “பெரட்டுல வச்சு சொன்னீங்க. பெரட்டுலயே வச்சு எடுத்துருங்க. ஏம் மவளோட சடங்கச் சொல்லித்தான் எல்லாரும் பேசுறாங்க. அது ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது.”

சொல்கிறேன் என்றேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தேன். வாசம் என்னுடையது, நான்தான் மாடியில் ஊதினேன். அவ்வளவுதான், சின்ன வாக்கியம். ஆனால் பெரட்டில் சொன்னால் பத்து மணிக்குள் பெரிய தொரை காதுக்குப் போகும். மூக்கு திரும்பி வந்த மறுநாளே வேலை போகும்.

மறுநாள் பெரட்டில் நின்று சொன்னேன். வாசம் வேறு காரணத்தால் வந்தது, இந்த அம்மாமேல் தப்பு இல்லை, இன்றைக்கே மாடிக்கு வரலாம் என்றேன்.

என்ன காரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் அவர் நின்றிருந்தார். மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் புத்தகத்தைத் திறந்து அடுத்த பேரைக் கூப்பிட்டேன். அவர் மாடிக்கு வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

மாம்பழக் குப்பிகளைச் சாக்கடையில் கொட்டிக் கழுவிவிட்டேன். வாசமில்லாத தண்ணியை வாங்கி, வீட்டில் மட்டும் இழுத்து, நிக்கோட்டினைக் குறைத்துக் குறைத்து, இரண்டு மாதத்தில் அந்தச் சாமானையும் விட்டேன். காற்று மாதங்கள் வந்தன, காற்று நன்றாக அடித்தது. எங்கள் தூளுக்குப் பல வருடமாக வராத பேர் அந்தக் காற்றில் வந்தது.

பெரிய தொரை பெக்டரி ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, இந்த ஊவாவிலேயே இப்படியொரு மூக்கு கிடையாது என்று என் தோளில் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். மாடிப் பெண்களும் தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெரட்டில் விட்ட மிச்சத்தைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றும் தெரிந்தது. நன்றி சேர் என்றேன்.