கப்பல் குசினி நாதன் அண்ணை எனக்காக எழுதிய கடிதம்

போன மாதம் ஒரு காலை, பத்திரிகையில் ஒரு முழுப் பெயரை யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்து முடித்தேன். எழுபத்துநாலு வயதில், கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்து வகுப்பில் ஏழு மாதம் படித்ததன் பலன். "பிலோ, ஓடி வாரும், நான் வாசிச்சிட்டன்!" என்று மனைவியைக் கூப்பிட்டேன். சி-வ-நா-தன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். அது மரண அறிவித்தல் பக்கம் என்பதும், சிவநாதன் என்றால் எங்கள் நாதன் அண்ணை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளவத்தையிலிருந்து அவருடைய மகளின் அழைப்பு அரை மணி நேரம் கழித்து வந்தது.

"அப்பாவோட கப்பலில நிண்டவையில நீங்கள்தான் மாமா மிச்சம். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தாங்கோ" என்றாள். எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் போகிறது. ஆனாலும் என் கை, என் எழுத்து.

கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் பதினொரு வருடம் அவர் குசினியில் சமையல், நான் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். என் கடிதங்களை அவர்தான் எழுதித் தருவார். நான் சொல்லச் சொல்ல, உருளைக்கிழங்கு உரித்த கையைத் துடைத்துவிட்டு எழுதுவார். எனக்கு அப்போது கையெழுத்துப் போடவும் தெரியாது. அடியில் ஒரு சின்ன நங்கூரம் கீறுவேன். அதைப் பார்த்தால்தான் பிலோமினா என் கடிதமென்று நம்புவாள். "உம்மட நங்கூரம் தூண்டில் மாதிரிக் கிடக்கு ஐசே" என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

அவர்மேல் எனக்கிருந்த கோபம் உங்களில் பலருக்குத் தெரியும். எத்தனை கல்யாண வீடுகளில் உங்கள் முன்னாலேயே அவரை ஏசிப் பேசியிருக்கிறேன்!

யுத்த காலம். பிலோமினாவுக்கு மூன்றாவது பிள்ளை கிடைக்கும் வாரம். மூன்று வாரமாக வீட்டுச் சத்தமே கேட்கவில்லை. கப்பல் முதலாளியின் சொந்த ஊரான தீவுக்கு முன்னால் ஒரு நாள் நங்கூரம் போட்டோம். சின்னத் தீவு. பெயர் இன்றும் என் வாயில் நுழையாது. மரம் குறைவு, கப்டன்மார் அதிகம். அங்கே கோப்பிக் கடையில் ஒரு தொலைபேசி இருக்கிறது என்று கேட்ட நேரத்திலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சின்ன ஒழுங்கை முகப்பில் இருந்த கடைக்குப் போன் எடுத்தால் அவளைக் கூப்பிட்டு விடுவார்கள். நம்பர் எழுதிய துண்டு அண்ணையிடம் இருந்தது. அவர் போய் எடுத்தார். வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லைன் இல்லை, வாரும்."

"இன்னொருக்கா எடுங்கோவன் அண்ணை."

"இல்லையெண்டால் இல்லை. ஊரைப் பார்ப்பம்."

கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தீவின் தேவாலயத்துக்குள் கூரையிலிருந்து மரத்தால் செய்த சின்னக் கப்பல்கள் தொங்கின. கடலுக்குப் போனவன் வீட்டார் நேர்ந்து கட்டுவதாம். அவர் ஒவ்வொன்றின் கீழும் நின்று நின்று பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அதே ஊர்க்காரரான எங்கள் கப்டனின் தாயார் வீடு. கறுப்பு உடுத்த கிழவி. சுவரெல்லாம் கடல் கொண்டுபோன ஆண்களின் படங்கள். கப்டன் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் என் கன்னத்தைத் தடவி, தோடம்பழ இனிப்பு ஒரு கரண்டி ஊட்டிவிட்டு, கடல் பக்க ஜன்னலில் பட்டப்பகலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள்.

"இந்த ஊரில கரண்ட் இல்லையோ?" என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு தின்னும்" என்றார் அண்ணை.

அங்கேயே ஒரு கடிதம் எழுதித் தந்தார். நான் சொன்னது நாலு வரி. அவர் எழுதியது ஒரு பக்கம். அவசரத்தில் கேட்கவில்லை. நங்கூரம் கீறினேன். தபாலில் போடக் கிழவியிடம் கொடுத்தார். திரும்பும்போது கோப்பிக் கடைக்குள் என்னை விடவேயில்லை.

மூன்று வாரம் கழித்து அலெக்சாந்திரியாவில் தந்தி வந்தது: பெண் பிள்ளை, எல்லோரும் சுகம். அண்ணை கப்பல் முழுவதற்கும் பாயாசம் காய்ச்சினார். "அண்டைக்கு ஒழுங்காப் போன் எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தேன். அன்று தொடங்கிய பேச்சு முப்பது வருடத்துக்கு மேல் நீண்டது. "கிழவி வீட்டில இனிப்புத் தின்ன என்னை இழுத்துக்கொண்டு போன மனுசன்" என்பேன். "ஓம், நல்ல இனிப்பு" என்பார். அவ்வளவுதான்.

செத்த வீட்டால் வந்த பிறகு, பிலோமினாவின் பிஸ்கட் தகரப் பேணியைத் திறந்து என் பழைய கடிதங்களை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். நாலாவது, தீவுக் கடிதம்.

"தங்கச்சி பிலோமினா, இது அந்தோனி சொன்னதல்ல. கொட்டாஞ்சேனையில் குண்டு வெடித்தது என்று நேற்று என் ரேடியோவில் கேட்டேன். உமது ஒழுங்கைப் பக்கம் என்கிறார்கள். கடைக்கு எடுத்தேன், மணி அடிக்கிறது, எவரும் எடுக்கவில்லை. அவருக்குச் சொல்லவில்லை. இதை வாசிக்க நீர் இருந்தால் உடனே அலெக்சாந்திரியாவுக்குத் தந்தி அடியும்."

கீழே என் நங்கூரம்.

"உமக்கு இது தெரியுமோ?" என்று கத்தினேன்.

"ஓம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு அடியில எழுதியிருக்கு, வாசியுங்கோ" என்றாள் பிலோமினா. "வெடிச்சது அடுத்த ஒழுங்கையில. கடைக்காரர் பூட்டிப்போட்டு ஓடிட்டார். நீங்கள் அவரைப் பேசேக்குள்ள எத்தினை தரம் வாயெடுத்தனான்! அவர் கண்ணால மறிச்சுப்போடுவார்."

என் மனைவி, என் பிள்ளை. எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் செய்தது சரியென்று இன்றும் நான் எழுத மாட்டேன். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு ஒரு நியாயமான காரணம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, ஆள் இல்லை. பிழையான காரணத்துக்கு அவரைப் பேசிய பேச்சையெல்லாம் திருப்பி எடுக்கவும் ஆள் இல்லை. மூன்று வாரம் அந்தச் செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

அண்ணையின் மகள் அந்தக் கடிதத்தை மலரில் போடக் கேட்டாள். கொடுக்கவில்லை. கிழவி வீட்டு இனிப்புக் கறையோடு அது என்னிடமே இருக்கட்டும். இதன் அடியில் பழக்கத்தில் ஒரு நங்கூரம் கீறிவிட்டேன். தூண்டில் மாதிரித்தான் வந்திருக்கிறது. அழிக்கவில்லை. பக்கத்தில் பெயரையும் எழுதுகிறேன்.

அந்தோனி