கைமாற்று விரதம்

கீழ் கோத்தகிரிச் சரிவில் இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் முதலில் மாரியம்மனிடம் போவதில்லை, மூக்கம்மாவிடம்தான் போவார்கள். அம்மனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். மூக்கம்மாவுக்குக் கொழுந்து பறிப்பதைத் தவிர என்ன பெரிய வேலை என்று ஒரு நினைப்பு. வந்து உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, கதை முழுக்கச் சொல்லி, கடைசியில் ஒரு கிழமையின் பெயரைச் சொல்வார்கள். "எம் பேர்ல செவ்வாக்கெழம மட்டும் இருங்கக்கா." அவ்வளவுதான். அந்தச் செவ்வாயிலிருந்து மூக்கம்மா பட்டினி.

எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளில் இது வழக்கம். சர்க்கரை வியாதிக்காரர்கள், கைப்பிள்ளைக்காரிகள், வயதானவர்கள் தங்கள் விரதத்தை இன்னொருத்தரை இருக்கச் சொல்லிக் கேட்கலாம். காரியம் கைகூடினால் விரதம் இருந்தவருக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி. முன்பெல்லாம் ஆளுக்கு ஒருத்தரைக் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் மூக்கம்மாவையே கேட்க ஆரம்பித்தார்கள். இளிச்சவாய் ஒன்று கிடைத்தால் ஊரே வந்து ஏறி உட்காரும் என்பது மலைக்கும் பொருந்தும்.

ஆரம்பத்தில் அவள் யாருக்காகவும் விரதம் இருக்கவில்லை. மகள் வர்ஷா கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இன்றைக்கு அம்மனுக்கு இருப்போம் என்று இருந்தாள். பகலில் உடம்பு லேசாக இருந்தது. கையில் இலை வெட்டும் கத்தரி தன்பாட்டுக்கு ஓடியது. பனி இறங்கி, பக்கத்து வரிசையில் இலை வெட்டுகிறவள்கூடத் தெரியாத நேரத்தில், யாரோ மனதைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. சாயங்காலம் கோயிலில் நின்றபோது கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. சும்மா நின்றாள். அப்படிச் சும்மா நின்றது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதற்கப்புறம் வெள்ளிதோறும் காலையும் பகலும் பட்டினி, விளக்கு வைத்த பிறகு ஒருவேளைச் சோறு. சாமி வழியில் ஒரு மனுஷி வளர்வது என்றால் இதுதான். அந்த ஒரு வருஷம் அவள் நன்றாகவே வளர்ந்தாள்.

பிறகு வந்தது பேர். பக்கத்து வீட்டு ராஜகுமாரியின் புருஷன் மொடாக் குடியன். அவளுக்காக மூக்கம்மா செவ்வாய்க்கிழமை இருந்தாள். சில மாதத்தில் அவன் குடியை விட்டான். ஈரல் வீங்கி, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பாடைதான் என்று டாக்டர் சொன்னதால் விட்டான். ஆனால் லைனில் டாக்டருக்கு ஒரு நல்ல பேரும் கிடைக்கவில்லை. எல்லாம் மூக்கம்மா கணக்கில் ஏறியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? யாரோ ஒருத்தியின் மகனுக்கு ஏழரைச் சனி, அதற்குச் சனிக்கிழமை. சுஜாதாவின் அரசாங்கப் பரீட்சைக்கு வியாழன். இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு வரன் தகையவில்லை, அதற்குத் திங்கள். புதனுக்கு மட்டும் கிராக்கி இல்லை. மூக்கம்மாவின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. பொய் சொல்வானேன், அவளுக்கும் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. கோயிலில் கற்பூரத் தட்டு அவளிடம்தான் முதலில் வந்தது. கோத்தகிரி பஸ்ஸில் எழுந்து இடம் விட்டார்கள். பள்ளிக்கூடம் தாண்டாத ஒருத்திக்கு அந்த மரியாதை சாதாரணமா?

ஆனால் வெள்ளிக்கிழமை வந்த அந்த அமைதி மட்டும் எங்கேயோ போய்விட்டது. இப்போது சரிவில் ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இலை மூட்டையைத் தலையில் வைத்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. கோயிலில் நின்றால் ராஜகுமாரி புருஷன், சனி பிடித்த பையன், சுஜாதாவின் பரீட்சை என்று ரேஷன் கடையில் சாமான் கேட்கிற மாதிரி ஒப்பித்துவிட்டு வந்தாள். தனக்கென்று சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. சலிப்பாக இருந்தது. சாமி கும்பிடுவதில் சலிப்பு வருகிறதே, இது என்ன பாவமோ என்று பயமாகவும் இருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

புதனை விட்டால் மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அது அவள் புருஷன் ஒச்சப்பனின் நாள். எஸ்டேட் பேக்டரியில் தேயிலை வறுக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்ற மனிதர். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வந்து அவரே குழம்பு வைப்பார். அன்றைக்கு அவள் அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, ஆளுக்கொரு கம்பளியை இழுத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தூங்குவார்கள். அவர்களிடம் இருந்த சந்தோஷம் என்று எடுத்துக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்.

அந்த ஞாயிற்றையும் கேட்டு ஒருத்தி வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் பேச்சி. அவள் மகன் மகேஷின் பெண்டாட்டி ராஜிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. படுக்கையை விட்டு எழவே கூடாது, முழு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அவ நல்லபடியாப் பெத்துப் பொழைக்கற வரைக்கும் ஞாயித்துக்கெழம நீங்க இருந்தீங்கன்னாப் போதுங்கக்கா. உங்க கால்ல வேணாலும் விழறேன்," என்று அழுதாள் பேச்சி.

அழுகிறவளிடம் எப்படி இல்லை என்பது? மூக்கம்மா தலையாட்டிவிட்டாள்.

அவள் போனதும் ஒச்சப்பன் உள்ளேயிருந்து வந்தார். "அந்தப் புள்ள ரெஸ்ட் எடுக்கறதுக்கு நீ பட்டினி கெடக்கோணுமா? ஏம்புள்ள, வாரத்துல ஒரு நாளாச்சும் நம்மூட்டுக்குன்னு மிச்சம் வெச்சிருக்கியா?"

"பேரப்புள்ள விஷயமுங்க. எப்படிங்க மாட்டேங்கறது?"

"நாக்குன்னு ஒண்ணு இருக்குதல்ல, அதை வெச்சுத்தான்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோழி நின்றது. 'நான் மட்டும் திங்கறதுக்கு எதுக்கு' என்று அவர் அவள் வடித்த சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் வீட்டில் இல்லாத ஒருத்திக்காக முறைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

ராஜிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது ஒரு வியாழக்கிழமை மூக்கம்மா இலை வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். தேயிலைச் செடி தாங்கிக்கொண்டதால் உருளவில்லை. டிஸ்பென்சரி நர்ஸ் எல்சா கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையே அக்கா, எத்தனை நாளாச் சாப்பிடலை?" என்று கேட்டாள். "காலையில டீ குடிச்சேனுங்க," என்றாள் மூக்கம்மா. எல்சா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு ஒச்சப்பன் யாரையும் கேட்காமல் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வந்தார். பழைய மாதிரியே அரைத்து, தாளித்து, குழம்பைக் கொதிக்கவிட்டார். மூக்கம்மா வெளியே துணி அலசிக்கொண்டிருந்தாள். வாசனை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துணியைப் பிழிந்தாள்.

அத்தனை வருஷம் தேயிலைத் தூசி குடித்ததில் அவருக்கு நாக்கில் ருசி மங்கிப்போயிருந்தது. உப்புப் பார்ப்பது எப்போதும் அவள்தான். கரண்டியோடு வாசலுக்கு வந்து, "ஏம்புள்ள, உப்புப் பாரு," என்றார். அவள் ஏதோ யோசனையில் இருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீட்டிய கை, அதுபாட்டுக்கு நீண்டது. உள்ளங்கையில் விழுந்த குழம்பை நக்கி, "அரைக்கல்லு போடுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

அப்படியே துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். பேச்சியின் ஞாயிறு. எட்டாம் மாதம். அதுவும் கோழிக்குழம்பு. அவர் வேண்டுமென்றே கூப்பிட்டாரா, மறந்து கூப்பிட்டாரா என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஒச்சப்பன் ஈரலை எடுத்து அவள் தட்டில் போட்டார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டதுதான் தெரியும், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கண் திறந்தாள்.

கறி தின்ற வாயோடு கோயிலுக்குள் போக மனம் வரவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு போய், வேலிக்கு வெளியிலேயே நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆனால் நின்றபோது வாயில் ஒன்றும் வரவில்லை, மனதிலும் ஒன்றும் ஓடவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நின்ற மாதிரியே சும்மா நின்றாள். உள்ளே தெளிவாக இருந்தது. பட்டினியில் தொலைந்துபோனது வயிறு நிறைந்த அன்றைக்கா திரும்பி வர வேண்டும்? அவளுக்கு அது புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது.

பயந்ததற்கு ஏற்ற மாதிரி, திரும்பி வரும்போது லைன் வாசலில் கூட்டம். ராஜிக்கு மாதம் நிறையும் முன்பே மத்தியானத்தில் வலி கண்டு, ஜீப்பில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"நான் திங்க ஒக்காந்த நேரத்துல வலி வந்திருக்குதுங்க," என்று அவள் ஒச்சப்பனிடம் சொன்னாள். "நாந்தான் கெடுத்துட்டேன்."

"நீ சோறு தின்னா ஊருல ஒருத்திக்கு வலி வருமா? அம்மன் என்ன உன்ற தட்டையே பாத்துட்டு ஒக்காந்திருக்குதா?"

சரியான பேச்சுதான். ஆனால் அந்த நேரத்தில் சரியான பேச்சு காதில் ஏறுமா? குழந்தை எடை குறைவாகப் பிறந்திருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று மறுநாள் சேதி வந்தது. அது பெட்டியை விட்டு வெளியே வரும்வரை மூக்கம்மாவுக்கு எதுவும் சரியாக இறங்கவில்லை. அது விரதம் இல்லை, வெறும் பயம். கிழமைக்குக் கிழமை வித்தியாசம் தெரியாமல் போனது. பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் வயிறாரக் கஞ்சி குடித்தாள்.

பேச்சி ஊர் திரும்பியதும் நேராக மூக்கம்மா வீட்டுக்குத்தான் வந்தாள். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, கற்கண்டு, பச்சை நிறத்தில் ரவிக்கைத் துணி. "பேரனுங்கக்கா! டாக்டரே கைவிரிச்ச கேஸு. எல்லாம் உங்க பட்டினிதான்."

மூக்கம்மா தட்டை வாங்கவில்லை. "பேச்சி, அவளுக்கு வலி வந்த அன்னிக்கு நான் சாப்புட்டுட்டேன். கோழிக்கொழம்பு. வயிறு முட்ட."

பேச்சி சிரித்தாள். "போங்கக்கா. பெரிய மனசுக்காரங்க இப்படித்தான் பேரு வேண்டாம்னு சொல்லுவீங்க."

"சத்தியமாச் சொல்றேன்."

"சரி, சரி," என்று பேச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இந்த மூணு மாசமும் நீங்க இருக்கறீங்கங்கற தைரியத்துலதான் ஞாயித்துக்கெழம எனக்கு ரெண்டு வாய் சோறு எறங்குச்சு. அன்னிக்கு ஒரு நாள்தான் கண்ணசந்து தூங்குவேன். இன்னும் புள்ளைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் இருந்தீங்கன்னா..."

நன்றியாகத்தான் சொன்னாள். அவள் முகம் தெளிந்திருந்தது. தூங்கி எழுந்த முகம். மூக்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். ஆனால் ஒன்று விளங்கியது. இத்தனை நாளும் இவர்கள் தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனது அம்மனின் அருள் இல்லை. தன்னுடைய சாப்பாடும் தன்னுடைய தூக்கமும்தான்.

"ஞாயித்துக்கெழம வேண்டாம் பேச்சி," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "வெள்ளி என்னோடது, அது இருப்பேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிடப் போறேன். ஞாயித்துக்கெழம எனக்கு வேணும்."

"உங்களுக்கு எதுக்குக்கா?"

"சாப்புடறதுக்கு. தூங்கறதுக்கு."

பேச்சியின் கை விலகிக்கொண்டது. "அப்ப எம் பேரனுக்கு?"

"நீ இரு. உன்ற பேரன்தான?"

"ஐயோ, எனக்குப் பசி தாங்காதுங்கக்கா."

"எனக்கும் தாங்காது பேச்சி," என்றாள் மூக்கம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பேச்சி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவாக்கா? உங்களுக்கும் பசிக்குமா?" என்று கேட்டாள்.