வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் கொசுத்தேன்

காலை ஆறு நாற்பது. மண்ணரையிலுள்ள அக்கா வீட்டுக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது மச்சானின் கையிலிருந்த ஸ்பூன். கருத்த தேனை நக்கி முடித்து, பழைய இருமல் மருந்து பாட்டிலை மூடி பிரிட்ஜ் மேல் வைத்தார்.

"ஸ்பூன் நக்கறதுக்கு மட்டும் நேரத்துல எந்திரிச்சுக்குவாரு" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அது கொசுத்தேன். கொசு அளவே உள்ள, கொட்டாத தேனீக்கள் சேர்ப்பது. இனிப்போடு புளிப்பும் இருக்கும். மச்சானோடு வேலை செய்யும் கணியூர்க்காரர் தோப்பில் பானை கட்டி அவற்றை வளர்க்கிறார். கொழுப்பைக் கரைக்கும், வயிற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்திருந்தார்.

மச்சான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன ஆடியில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தவர். அன்று கொழுப்புக்கான ரத்தப் பரிசோதனை. என் வண்டியில் நாங்கள் இருவரும் போனோம்.

லேப் பெண் ஊசியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்: "வெறும் வயிறுதானுங்களே?"

"ஆமாங்க. தேன் மட்டும் ஒரு ஸ்பூன்."

ஊசி தட்டுக்குத் திரும்பியது. "நாளைக்கு வாங்க."

"அது மருந்து கண்ணு. சாப்பாட்டுல சேராது."

"மருந்து இனிக்குமுங்களா?"

"புளிக்கவும் செய்யும்" என்றார் மச்சான், விடாமல்.

வந்தது வந்தோம், டாக்டரையாவது பார்ப்போம் என்று மாடியில் காத்திருந்தோம். எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். கொழுப்பு மாத்திரை இருக்கிறதா என்று அவர் கேட்க, மச்சான் பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து வைத்தார். எதுவும் பிரிக்கப்படவில்லை.

"தேன் சாப்பிடறதால நிறுத்திட்டேனுங்க. ரெண்டு மாசமாச்சு. வயிறு லேசா இருக்குதுங்க."

டாக்டர் திட்டவில்லை. "வயித்துக்கு ஒத்துக்கிட்டா ஒரு ஸ்பூன் சாப்பிடுங்க. ஆனா மாத்திரை வேலையை அது பாக்கும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லீங்க. ஸ்டென்ட் வெச்ச உடம்பு."

மச்சான் அட்டைகளை ஓரமாக நகர்த்தினார். "அந்த மாத்திரையப் போட்டா கெண்டைக்கால் புடிச்சு இழுக்குதுங்க. கட்டிங் டேபிள்கிட்ட நாள் பூரா நிக்கோணும்."

இது எனக்குத் தெரியாது. அக்காவும் ஒருநாளும் சொன்னதில்லை.

"போன தடவையே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"வெளியில பத்துப் பேரு உக்காந்திருந்தாங்க."

டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். நாளை எடுக்கும் ரத்தத்தில் தசை பாதிப்பு இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். மறுபடி கால் இழுத்தால் அவராக நிறுத்தாமல் போன் செய்ய வேண்டும் என்றார்.

வண்டியில் ஏறும்போது மச்சான் என் தோளைத் தொட்டார். "மாப்ள, கால் சங்கதிய உங்கக்காகிட்டச் சொல்லீராதீங்க. கம்பெனிக்குப் போக உடமாட்டா."

மறுநாள் காலை அதே ஆறு நாற்பதுக்குப் போனேன். தேன் பாட்டில் பிரிட்ஜ் மேல் மூடியபடி இருந்தது. பக்கத்தில் புது மாத்திரை அட்டை. அதில் ஒரு குழி காலி.